மருந்துக் கணக்கில் சேராத மாத்திரை

“...அது இல்லக்கா, முடிக்குன்னு ஒண்ணு விக்கிறாங்களே, அது எதுனா போட்டுகினு கீறீங்களா?”

என் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள், ரத்தம் எடுக்க வந்த பெண். பம்மலிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். மணி காலை ஆறரை. தைராய்டு மாத்திரையை இன்னும் போடவில்லை, ரத்தம் கொடுத்த பிறகுதான் போடுவேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இவள் கேட்டது வேறு மாத்திரையை.

போட்டிருந்தேன். வேண்டுமென்றேதான். நான்கு நாளாக, அன்று விடியற்காலை வரைக்கும்.

என் அக்காவிடம் இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை.

அக்கா போய் மூன்று வருடம் ஆகிறது. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுவாள். நான் எட்டாவதோடு நின்றவள், கேம்ப் ரோடு பக்கத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வருகிறவர்களிடமெல்லாம் அக்கா சொல்வாள்: “நான் வாயால பொழைக்கிறேன், இவ ஊசியால பொழைக்கிறா. ஆனா வாய் என்னமோ இவளுக்குத்தான் நீளம்.”

அவளுக்குத் தைராய்டு கம்மி என்று வந்தபோது டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். காலை ஐந்து மணிக்கு டப்பா குலுங்கும், ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். ஆறு மணி வரை காபியைத் தொட மாட்டாள். “காபிக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கிறவதான்டி உண்மையான விசுவாசி” என்பாள்.

ஆனாலும் முடி கொட்டியது. சீப்பில், தலையணையில், நான் தைத்துக்கொண்டிருக்கும் துணியில்கூட. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த ஒரு அம்மா ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னார். “வெறும் சத்து மாத்திரைம்மா, ஒண்ணும் பண்ணாது.” நான்தான் போய் வாங்கிவந்தேன். அக்காவுக்கு இஷ்டமில்லை. “முடி போனா போகட்டும், தலை இருக்குல்ல” என்றாள். நான் விடவில்லை. “கொயர்ல முன்வரிசைல நிக்கிறவ, மொட்டையா நின்னு பாடுவியா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

ரத்தம் கொடுக்கப் போகும் நாட்களில் அவளைப் பார்க்க வேண்டுமே. தைராய்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வாள், ரத்தம் கொடுத்ததும் போட. ஆனால் முடி மாத்திரையை விடியற்காலையிலேயே வெந்நீரோடு விழுங்கிவிடுவாள். லேபில் கேட்பார்கள்: “சாப்பிட்டீங்களா?” “இல்லை.” “வேற மருந்து எதுவும் எடுக்கறீங்களா?” “இல்லை.” வருகைப் பதிவேட்டில்கூட ஒரு பொய் எழுதாதவள். அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மருந்து வேறு, சத்து வேறு. மருந்து என்றால் நோய்க்கு. சத்து என்றால் கேழ்வரகுக் கஞ்சி மாதிரி. கஞ்சி குடித்தேன் என்று டாக்டரிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

தைராய்டு அதிகமாகிவிட்டது, உடம்பு வேகமாக ஓடுகிறது என்று ரிசல்ட் வந்தது. டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்தார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அதிகம். மறுபடியும் குறைத்தார்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய ஜாக்கெட்டுக்குக் கை சுற்றளவை நான்தான் எடுப்பேன். ஒரே வருடத்தில் ஒரு இஞ்ச் கூடியது. முகம் உப்பியது. மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்த்திக்கொண்டாள். குரல் தடித்துக் கரகரத்தது. கொயரில் அவளைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். “அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஆம்பளைங்களோட நின்னு பாடப்போறேன் பாரு” என்று சொல்லிவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள்.

ஒருநாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: “பேப்பர்ல நான் ஓடிட்டிருக்கேன்டி. வீட்ல பாத்ரூம் வரைக்கும் நடக்க முடியல.”

அதற்கு நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. “மிஷின் பொய் சொல்லுமா?”

டிசம்பரில், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், ஐந்து மணிக்கு டப்பா குலுங்கவில்லை. போய்ப் பார்த்தேன். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து எனக்கும் தைராய்டு வந்தது. நான் பார்த்தது வேறு டாக்டர். முதல் நாளே கேட்டார்: “முடிக்கு, நகத்துக்குன்னு சத்து மாத்திரை ஏதாவது போடுறீங்களா? போட்டா என்கிட்ட சொல்லணும். ரத்தம் எடுக்கறதுக்கு மூணு நாள் முன்னாடியாவது நிறுத்தணும். அதுல இருக்கிற ஒரு வைட்டமின் சில மிஷினை ஏமாத்திடும். உடம்புல தைராய்டு கம்மியா இருக்கும், பேப்பர்ல அதிகம்னு வரும்.”

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அக்காவைப் பற்றிச் சொன்னேன். “இப்ப எதையும் சொல்ல முடியாதும்மா. வேற காரணமும் இருந்திருக்கலாம்” என்றார்.

அன்றிலிருந்து ஐந்து மணிக்கு டப்பா குலுங்குகிறது. கண்ணைத் திறந்தால் என் டப்பா தையல் மிஷின் மேல் வைத்தபடியே இருக்கிறது. எழுந்து போய்க் கையில் எடுத்துப் பார்ப்பேன். சத்தமில்லை. திரும்ப வந்து படுத்தால் மறுபடியும் குலுங்கும். சில நாள் அந்தக் கரகரத்த குரல் கேட்கும், பாட்டுகூட இல்லை, மணி என்ன என்று கேட்கிற குரல். அதற்குப் பின்னாலேயே என் குரலும் வரும். மிஷின் பொய் சொல்லுமா?

பொய் சொல்லுமா என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் செய்தேன். போன வாரம் முடி மாத்திரை இல்லாமல் ரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் அக்காவுக்கு வாங்கின அதே மாத்திரையை வாங்கி நான்கு நாள் விழுங்கினேன். இன்றைக்கு அதிகம் என்று வந்தால், அக்காவைக் கொண்டுபோனது நான் வாங்கிக்கொடுத்த மாத்திரை. வராவிட்டால் காரணம் நான் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பட்டை கட்டிய கையோடு இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஊசியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அதான் பாத்தேன். போன வாரம்தான எட்த்தேன்? டோஸ் மாத்தினாலே ஆறு வாரம் கழிச்சுதான் பாப்பாங்க. எந்த டாக்டரும் எய்தித் தரலியேன்னு வர வயியிலயே நெனச்சேன்.”

“எடுத்துடும்மா. தெரிஞ்சுடும்.”

“இன்னா தெரியும்? அவங்க ஒடம்பு வேற, உன் ஒடம்பு வேற. அன்னிக்கு எந்த மிஷின்ல பாத்தாங்களோ, யாருக்குத் தெரியும்?” அதுவரை நீங்க போட்டுப் பேசியவள், நீ என்றாள். “சரி, நல்லாத்தான் கீதுன்னு வருதுன்னு வச்சிக்கோ. நாளையிலேர்ந்து தூங்கிடுவியா?”

தூங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நான்கு நாள் போட்டது போதவில்லையோ என்று இன்னொரு டப்பா வாங்குவேன்.

“நீயா போய் வெஷம் வாங்கியாந்த? முடி கொட்டுதேன்னு வாங்கியாந்த. எங்கம்மாக்கும் நான் அதான் வாங்கிக் குடுத்தேன், இந்த வேலைக்கு வர்றதுக்கு மின்னாடி. ஊர்ல பாதிப் பேர் வாங்கறாங்க.” குரலைத் தணித்துக்கொண்டாள். “மிஷினாண்ட போய் சாட்சி கேக்காதக்கா. இந்தத் தப்புப் பேப்பரப் பாத்து உன் டாக்டர் உன் மாத்திரையும் கொறைச்சிட்டா, அப்பால உனுக்கு யார் கீறா?”

“எனக்கு யாரும் இல்ல” என்றேன்.

அவள் ஊசியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். பட்டையை அவிழ்த்தாள். கையில் பதிந்திருந்த சிவப்புத் தடத்தை, அது மறைகிற வரைக்கும் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.