ஏரியூருக்கு அப்பால் ஒரு படிக்கிணறு

என் அக்கா பேத்தி நர்ஸ் படித்தவள். அடுத்த மாதம் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போகிறாள். நம்மைப் போலவே வெள்ளைக்காரன் ஆண்டு, சுரண்டிக்கொண்டு போன நாடு. கிராமம் கிராமமாகப் போய்க் குடிதண்ணீர், சுகாதாரம் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலையாம். "தாத்தா, நீங்களும் அதே வேலைதான பார்த்தீங்க, டிப்ஸ் குடுங்க" என்றாள். டிப்ஸ் என்னிடம் இல்லை. தர்மபுரி மாவட்டத்தில் ஒரே ஊருக்கு இரண்டு முறை போய் வந்த கதைதான் இருக்கிறது. அவளைப் போலக் கிளம்புகிற மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று எழுதுகிறேன். மனசுக்கு இதமாக ஏதாவது படிக்க வந்தவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம்.

முதல் பயணம் 1973 ஜூனில். எனக்கு வயது இருபத்தாறு. சுகாதாரத் துறையில் புது வேலை, சொந்த ஊர் கும்பகோணம். காவிரிக்கரையில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்பது பேப்பரில் படிக்கிற சமாச்சாரம். தர்மபுரியில் காலை 5.40க்குப் பஸ் ஏறினேன். பென்னாகரத்துக்கு டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு. 7.15க்கு இறங்கி, இரண்டு இட்லி தின்று, 8.30 பஸ்ஸில் ஏரியூர் போய்ச் சேர மணி பத்து. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் நடை. வழியில் நிழல் என்று சொல்ல இரண்டு புளியமரம். கூட வந்த தலையாரி, "இதெல்லாம் ஒரு தூரமுங்களா?" என்று கேட்டபடியே போனார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

நாற்பது வீடு, ஒரே ஒரு கிணறு. இறைக்கிற கிணறு அல்ல, இறங்குகிற கிணறு. முப்பது முப்பத்தைந்து கற்படி இறங்கிப் போய், தண்ணீருக்குள் முழங்கால் அளவு நின்று, குடத்தை முக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஊரில் பாதிப்பேர் காலில் நரம்புச்சிலந்தி. இன்றைக்கு இருப்பவர்களுக்கு அது தெரியாது. தண்ணீரோடு வயிற்றுக்குள் போகிற கண்ணுக்குத் தெரியாத குஞ்சு, ஒரு வருஷம் உடம்புக்குள்ளேயே வளர்ந்து, முழ நீளத்துக்கும் மேல் புழுவாகி, காலில் கொப்புளம் கட்டி வெளியே தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், அந்த நொடியே ஆயிரக்கணக்கில் குஞ்சு விட்டுவிடும். அதைக் குடிக்கிறவனுக்கு அடுத்த வருஷம் இதே பாடு. இழுத்தால் அறுந்து சீழ் வைக்கும் என்பதால், வேப்பங்குச்சியில் நாளைக்கு ஒரு சுற்றாகச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் கிடப்பார்கள்.

அப்படிக் கிடந்தவர்களில் ஒருத்திதான் மாதம்மாள். முப்பது வயதிருக்கும். கணுக்காலில் குச்சி கட்டியிருந்தது. புருஷன் கர்நாடகாவில் முடிகெரே பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனவன், இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. எட்டு வயதில் ஒரு பெண். சொந்த நிலம் கிடையாது. புண் காலோடு யாரும் கிணற்றில் இறங்கக்கூடாது என்று நான் பேசியதை எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். இவள் ஒருத்திதான் கேள்வி கேட்டாள்.

"புண்ணுக் கால தண்ணியில வெக்காம இருந்தா, அடுத்த வருசம் எனக்கு வராதுங்களா சார்?"

"வராது."

"நெசமாத்தானுங்களா? மேக்கால ரெண்டு ஏக்கரா, வெளச்சல்ல பங்கு குடுக்கறாப்பல வாரத்துக்கு உடறேங்கறாங்க. அடுத்த ஆடியில கடல போடோணும். அப்பப் பாத்து படுத்துக்கிட்டா நெலத்தப் புடுங்கிருவாங்க. அதான் கேக்கறனுங்க."

இருபத்தாறு வயதுக்கு ஒரு திமிர் உண்டு. "நான் சொல்றேன், வராது. தைரியமா வாங்கிப் போடுங்க" என்றேன். இந்த வருஷம் ஏற்கெனவே குடித்த தண்ணீர் அவள் உடம்பில் என்ன வளர்க்கிறதோ, அது எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவும் சொன்னேன். கிழிப்பதற்கு யாரிடமும் இன்னொரு சேலை இருக்கவில்லை.

மூன்று நாள் தங்கினேன். கடைசி நாள் காலையில் கிணற்றடிக்குப் போனபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. மேல் படியில் ஒரு பெரிய மண்பானை நிறையத் தண்ணீர். பக்கத்தில் மாதம்மாள் உட்கார்ந்திருந்தாள். புண் உள்ளவர்கள் யாரையும் கீழே இறங்க விடவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மொண்டு, மேல் படியிலேயே நிற்க வைத்து அவர்கள் காலில் ஊற்றிக் கழுவி அனுப்பினாள். காலைக் கழுவாமல் குடிதண்ணீரில் இறங்கக்கூடாது என்பது அந்த ஊரில் முன்பிருந்தே உள்ள ஆசாரம். அதையும் என் பேச்சையும் சேர்த்து அவளே கண்டுபிடித்த ஏற்பாடு இது. "ரொம்ப நல்ல காரியம், விடாம செய்யுங்க" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டிவிட்டு, பத்தரை மணிக்கு நடையைக் கட்டினேன்.

இரண்டாவது பயணம் 1974 ஜூலை, ஆடி பிறந்து பத்து நாள். அதே பஸ், அதே நடை. ஊருக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. போன வருஷம் பாதி ஊர் நொண்டியது. இந்த வருஷம் நொண்டாதவர்களை எண்ணிவிடலாம். மேற்குப் பக்கத்து இரண்டு ஏக்கரில் வேறு யாரோ ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாதம்மாள் அதே மேல் படியில், அதே பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலில் மூன்று குச்சி. இடது முழங்கால் பானை போல வீங்கியிருந்தது. பெண் பிள்ளையைக் காணோம். ஏரியூரில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிட்டாளாம். அவளே ஆரம்பித்தாள்.

"நீங்க சொன்னபடியேதானுங்க செஞ்சோம். ஒரு நா தவறல. நம்ம வேலையே இதுதான்னு உக்காந்திருந்தனுங்க. ஒரு புண்ணுக் காலும் தண்ணியில எறங்கல."

பொய் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கிழவர் வந்தார். குச்சி கட்டிய காலை நீட்டினார். அவள் மூன்று சொம்பு ஊற்றி, விரலிடுக்கு வரைக்கும் கழுவிவிட்டாள். போன தடவை நான் அவள் கையைத்தான் பார்த்தேன். இந்தத் தடவை வேலை எதுவும் இல்லாததால் தண்ணீரைப் பார்த்தேன். அது கல்லில் கொஞ்சம் தயங்கியது. பிறகு இரண்டாம் படிக்கு இறங்கியது. அங்கிருந்து மூன்றாவது, நான்காவது. படிகள் எல்லாம் உள்பக்கம் சாய்ந்திருந்தன. கிணற்றுக்குத்தான் போனது, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். பிடித்தவன் நான். ஒரு வருஷம் முழுக்க இந்த ஊர் எல்லாப் புண்களையும் கழுவி, அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறது, நான் பாராட்டியதால்.

"இனிமே இங்க கழுவ வேண்டாம். தூரமா, அந்த வேலிக்கு அந்தப் பக்கம் வெச்சுக் கழுவுங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஈரப் படிகளைப் பார்த்தாள். நான் ஒரு வருஷமாகப் பார்க்காததை அவள் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டாள்.

"அப்ப நாந்தான் ஊருக்கே ஊத்திக் குடுத்தனுங்களா?"

குடத்தோடு நின்ற பெண்கள் நாலைந்து பேர். அவர்களுக்கும் கேட்டது. "அப்பிடியெல்லாம் இல்லீங்கம்மா" என்று ஏதோ முணுமுணுத்தேன். சொன்னது நான், பாராட்டியது நான், தப்பு என்னுடையது என்று அந்தப் பெண்கள் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நாலரைக்குத்தான் பஸ். அப்போது மணி பன்னிரண்டு. கிணற்றடியைத் தாண்டி நடக்கும்போது பின்னால் பானை உடைகிற சத்தம் கேட்டது. யார் உடைத்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. மாதம்மாளை அந்த ஊர் அப்புறம் எப்படி வைத்திருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போனதில்லை.

நரம்புச்சிலந்தி நம் நாட்டை விட்டே போய்விட்டது. போக வைத்தவர்கள் என்னைவிடப் பொறுமைசாலிகள். இப்போது அந்தப் பக்கம் போகிறவர்களுக்குப் பஸ் வசதி நிறைய உண்டு, ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குக் கிளம்புகிற பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். சொன்ன பேச்சைக் கேட்காதவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவர்கள் எப்படியாவது பிழைத்துக்கொள்வார்கள். நீங்கள் சொன்னதை அப்படியே செய்கிறவர்கள் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். எதையும் பாராட்டுவதற்கு முன்னால் உட்காருங்கள். ஒருத்திக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் கட்டாயம் உட்காருங்கள்.

அந்த வாரமே தர்மபுரி ஆபீசில் அறிக்கை எழுதினேன். நோய் கூடியதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுதினேன்: "பொதுமக்கள் ஒத்துழைப்பு போதவில்லை."