நான் அறுத்த வேலி

ஓசூரில் எனக்குக் கம்பெனி வேலை. காட்டோரமுள்ள எங்கள் ஊரில், சிறுத்தையிடமிருந்து ஆடுகளைக் காக்க எல்லோரும் சேர்ந்து நீளமாகக் கம்பிவேலி போட்டிருந்தோம். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்குவழியில் போக, யாருக்கும் தெரியாமல் நான் அதை ஓரிடத்தில் அறுத்தேன். தாண்டியதும் முறுக்கிக் கட்டிவிடுவேன். ஒரு விடிகாலை, அவசரத்தில் கட்டாமல் ஓடிவிட்டேன்.

சாயங்காலம் திரும்பினால், பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவின் சினை ஆட்டைச் சிறுத்தை தூக்கிப் போயிருந்தது. "எவன்டா வேலிய அறுத்தது?" என்று ஊரே கத்தியது. நானும் சேர்ந்து கத்தினேன்.

கூட்டம் கலைந்ததும் அக்கா என் கம்பெனித் தொப்பியை நீட்டினாள். "வேலிகிட்ட கெடந்துச்சு தம்பி. யாருகிட்டயும் சொல்லல. மொதல்ல போயி கம்பியக் கட்டு."

கட்டினேன். ஊரார் முன் உண்மையைச் சொல்ல மட்டும் இன்றுவரை துணியவில்லை. அக்கா எப்போதும்போலச் சிரித்துப் பேசுகிறாள். நான்தான் தலைகுனிந்து கடந்து போகிறேன்.