தாடைக் கட்டிக்கு ஈப்போ பயணம்: ஒரே தடவையா, இரண்டு தடவையா?

என் கீழ்த்தாடையில் நீர்க்கட்டி, அதன் மேலே ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல். எங்கள் ஊர் சுங்கை சிப்புட் பல் மருத்துவர், கட்டியையும் பல்லையும் எடுத்து, ஆறவிட்டு, பிறகு இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் திருகும் செயற்கைப் பல், வைக்கலாம் என்றார். ஈப்போ டாக்டரம்மா, முடிந்தால் எடுப்பதையும் வைப்பதையும் ஒரே தடவையில் முடிக்கலாம் என்றார். இணையத்தில் தேடியதில் இருந்த கொஞ்சத் தெளிவும் போனது. அந்தக் குழப்பத்தோடுதான் போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் என் மனைவி சரசுவும் கிளம்பினோம்.

ஈப்போ முப்பது கிலோமீட்டர்தான். வழியில் எங்கள் பழைய தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, அம்மன் கோயில் மட்டும் இருக்கிறது.

"பூக்கட்டிப் பாத்துட்டுப் போலாம்லா," என்றாள் சரசு.

தெரியாதவர்களுக்கு: வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். மனதில் ஒன்றை நினைத்து அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும்; வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும். ஒரே தடவையில் முடியட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை! சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பல்லுக்கு எதற்கு அழுகை என்று எனக்குப் புரியவில்லை.

காரில் ஏறியதும், "ஆத்தாவே சொல்லிட்டா, ஒரே தடவைதான்," என்றேன்.

"என்ன ஒரே தடவை?"

"பல்லுதான். நீ என்ன கேட்ட?"

"பல்லு யாருக்குங்க வேணும்? கட்டி நல்ல கட்டியா இருக்கணும்னு கேட்டேன். லேபுக்கு அனுப்பணும்னு டாக்டரம்மா சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

டாக்டரம்மா சொன்னது என் காதிலும் விழுந்ததுதான். நான் பல்லையே பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஈப்போ கிளினிக்கில் ஊசி போட்டுத் தாடை மரத்துப்போனதும் வேலை தொடங்கியது. பல்லையும் கட்டியையும் எடுத்துவிட்டு டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "எலும்பு ரொம்பக் கரைஞ்சிருக்கு, அங்கிள். ஸ்குரூ பிடிக்காது. எலும்புத்தூள் வச்சு மூடிடுறேன், இம்ப்ளாண்ட் சில மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

போகிறவர்களுக்கு: எது நடக்கும் என்பது திறந்த பிறகுதான் உறுதியாகிறது, அதனால் இரண்டுக்கும் தயாராகப் போங்கள். திரும்பும்போது வண்டி ஓட்ட ஆள் வேண்டும்; எனக்குச் சரசு ஓட்டினாள். வீட்டில் கஞ்சி இருக்கட்டும்.

லேப் முடிவு இன்னும் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கேட்டதற்குப் பூ பொய்த்துவிட்டது, அவள் கேட்டதற்கு மட்டும் பலிக்குமா? நேற்றுக் கஞ்சி குடிக்கும்போது அதைச் சொல்லியேவிட்டேன்.

சரசு கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். "அந்தப் பூ எனக்கு வந்தது. உங்களுக்கு வரல. பேசாம குடிங்க."