பல் கடிக்கும் சத்தம்

ஏப்ரல்: என் மனைவி காலமானாள்.
ஜூன்: கடைவாய்ப்பல் ஒன்று பிளந்தது. குன்னூர் மருத்துவர் பிடுங்கச் சொன்னார், மறுத்தேன்.
ஆகஸ்ட்: மேலும் இரண்டு பிளந்தன.
செப்டம்பர்: ஊட்டியில் வேறொரு மருத்துவரைப் பார்த்தேன்.

அவர் இளம்பெண். வேர் சிகிச்சை செய்து கேப் போடலாம், ஆனால் அதுவும் நிற்காது என்றார்.

“தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க சார். அதை நிறுத்தாம எது செஞ்சாலும் உடையுமுங்க.”

தேயிலை ஆய்வுக்கூடத்தில் ஆயுளைக் கழித்தவன் நான். சான்றில்லாமல் எதையும் ஏற்பதில்லை.

“எனக்கு அந்தப் பழக்கமே இல்லைங்க. எலி ஓடினாலே எங்க வீட்டுக்காரம்மா எந்திரிச்சுக்குவாங்க. ஒரு நாளும் சொன்னதில்லை” என்றேன்.

அவர் சிரித்தார். “அப்ப வம்பே வேண்டாமுங்க. இன்னிக்கு அம்மாவையே முழிச்சிருந்து கேக்கச் சொல்லுங்க. அவங்களே தீர்ப்புச் சொல்லட்டும்.”

அவள் காலமாகிவிட்டதைச் சொன்னேன். கையிலிருந்த சிறு கண்ணாடியை அவர் தட்டில் வைத்தார்.

“எப்பங்க சார்?”

“ஏப்ரல்ல.”

“இந்தத் தேய்மானமும் அதுக்கப்புறம் வந்ததாத்தான் தெரியுதுங்க” என்றார் மெதுவாக.

கருமாதியில் நான் கலங்காமல் நின்றதை உறவினர்கள் வியந்தார்கள். என்னைத் திடமானவன் என்றே நானும் நம்பியிருந்தேன். ஆனால், இறந்தவளைச் சாட்சிக்கு அழைத்தபோது அவள் வீட்டில் இருப்பதாகவே பேசியிருக்கிறேன். இரவெல்லாம் அந்தச் சத்தம் எழுகிறது. விழித்து என்னை எழுப்ப யாருமில்லை.

இன்னும் செய்யாதவை:
இரவில் பல்லுக்கு மாட்டும் உறைக்கு அளவு கொடுப்பது.
பிளந்த பற்களைப் பிடுங்குவதா என்று முடிவெடுப்பது.
சென்னையிலிருக்கும் மகளிடம், தனியாக இருக்க முடியவில்லை என்று சொல்வது.