பரிசுக்கு வளர்ந்த முருங்கை

எங்கள் சந்தில் முருங்கை இலையை யாரும் விலைக்கு வாங்கியதில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். "பறிச்சுக்க" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பிலிப்பைன்ஸில் தால் ஏரிக்கு இந்தப் பக்கம் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த மரியாதை இது. பக்கத்து வீட்டுத் தியோடுலோ அண்ணனுக்கு மட்டும் மூன்று மாதமாக மறந்து போயிற்று.

காரணம், நகராட்சி அறிவித்த வீட்டுத் தோட்டப் போட்டி. அண்ணன் முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்றபின் குத்துவதற்கு ஒன்றுமில்லாமல் தவித்த கை தொட்டிகளைப் பிடித்துக்கொண்டது. பழைய பெயிண்ட் டப்பா, மீன்காரர் வீசிய ஐஸ் பெட்டி, ஓட்டைப் பானை என்று முப்பது தொட்டி. கற்பூரவல்லி, ரம்பை இலை, எலுமிச்சைப்புல், மிளகாய், வெங்காயத்தாள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பலகையில் பெயர். அதற்குக் கீழே நாக்கு சுளுக்கிக்கொள்ளும் லத்தீன் பெயர். மிளகாய்க்கே அது தன்னுடைய பெயர் என்று தெரிந்திருக்காது. ஆனால் மனிதருக்குக் கைராசி உண்டு, அதை மறுக்க மாட்டேன். விளக்குமாற்றுக் குச்சியை நட்டாலும் துளிர்க்கும்.

போட்டிக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து அங்கே ஓர் இலை பறிக்கக் கூடாது. முப்பது தொட்டிக்கு நடுவில் உட்கார்ந்து அந்தக் குடும்பம் டப்பா மத்தி மீனும் பாக்கெட் நூடுல்ஸும் சாப்பிட்டது. போன மாதம் எனக்கு இருமல் வந்தது. நாலே நாலு கற்பூரவல்லி இலை கேட்டுப் போனேன்.

"போட்டி முடிஞ்சதும் வாம்மா," என்றார். "அதுவரைக்கும் கொஞ்சம் மெதுவா இருமு."

என் இருமலை நான் பொறுத்துக்கொண்டேன். அவருடைய ஒரே மகள் ரோசெல் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தபோதுதான் விஷயம் முற்றியது. குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியும் பால் சரியாக ஊறவில்லை. முருங்கை இலை போட்டுக் தினோலா என்கிற கோழிச் சாறு வைத்துக் கொடுங்கள் என்று மருத்துவச்சி சொன்னாள். போன நவம்பர் புயலில் சந்திலிருந்த முருங்கையெல்லாம் விழுந்துவிட்டது. அண்ணனுடையது மட்டும் சுவரில் சாய்ந்து பிழைத்தது. சந்தையிலும் கிடைக்காது. யாரும் வாங்காததை யார் விற்பார்கள்?

புதன்கிழமை அவர் மனைவி பூரிங் கேட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், அதாவது ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டூலோ, ரெண்டே ரெண்டு கிளை ஒடிச்சுக்கறேன்."

"நாளைக்குக் காலைல நடுவருங்க வராங்க. ஒரு நாள் பொறுக்க முடியாதா?"

"நான் பொறுப்பேன்யா. உன் பேத்திகிட்ட போய்ச் சொல்லு."

"மரம் மொட்டையா நின்னா மார்க் போயிடும் பூரிங்!"

"அந்த மார்க்கை வெச்சு நீ பால் குடுப்பியா?"

மாலை முழுக்கக் குழந்தை வீறிட்டு அழுதது. அண்ணன் ஈரத் துணியால் ரம்பை இலைகளுக்குத் தூசி துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு நடுவர்களை எதிர்கொள்ளத் தெருமுனைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் பூரிங் அரிவாளோடு இறங்கினாள். இரண்டு கிளை கேட்டவள் மரத்தையே மொட்டையடித்துவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் கிளைகளை வளைத்துக் கொடுத்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

மூன்று நடுவர்களோடு உள்ளே வந்த அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. மூவரில் மூத்த அம்மாள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன சார், இலையே காணோம்?"

அடுக்களையிலிருந்து இஞ்சியும் கோழியும் கொதிக்கிற வாசனை வந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் யாருக்கும் வாய்க்காது.

"புழு மேடம்," என்றார் அண்ணன். "திடீர்னு வந்து தின்னுடுச்சுங்க."

அந்த அம்மாள் தாளில் எதையோ அடித்தாள். "போகட்டும். வீட்டுச் சமையலுக்கு இதுல என்னென்ன பறிக்கிறீங்க?"

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "மூணு மாசமா ஒரு இலையைத் தொட்டதில்ல மேடம்!"

"பறிச்சுச் சமைக்கிறதுக்குத்தான் பாதி மார்க்கே சார். நோட்டீஸ்ல ரெண்டாம் பக்கம் போட்டிருக்கே?"

முப்பத்தோரு வருஷம் உறையின் மேற்புறத்தை மட்டும் பார்த்து வேலை செய்தவர். இரண்டாம் பக்கம் திருப்பும் பழக்கம் இல்லை. வந்தவர்கள் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

மதியம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ரோசெலின் கிண்ணம் நிறையப் பச்சை இலை. அண்ணனின் கிண்ணத்தில் வெறும் சாறு.

"எனக்கு இலை?"

"புழு தின்னுடுச்சு," என்றாள் பூரிங்.

நான் சிரித்துவிட்டேன். ரோசெல் சிரிக்கவில்லை. தன் கிண்ணத்திலிருந்து இரண்டு கரண்டி இலையை அள்ளி அப்பாவின் கிண்ணத்தில் போட்டாள். "சாப்பிடுப்பா. நீயும்தானே மூணு மாசமா டப்பா மீன் தின்னே."

அண்ணன் கரண்டியை எடுக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தபடியே, "குழந்தை பால் குடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

குழந்தை பிறந்த பிறகு அவர் அதைக் கேட்டது அன்றுதான்.