தொண்ணூற்றாறு சதவீதம்

இதை நம்பாமல் இருக்க நானே எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். முடியவில்லை. என் கண் முன்னால் நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நான் எலெக்ட்ரானிக் போர்டுகள் பழுது பார்க்கிறவன். டிவி, வாஷிங் மெஷின் என்று எது வந்தாலும் பார்ப்பேன். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அடுத்த அறையில் மாமனார் படுத்திருந்தார். நுரையீரல் கெட்டுப்போய் வெகுநாளாகிவிட்டது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு.

அன்று விடாத மழை. மதியம் கரண்ட் ஒருமுறை எகிறி அடங்கியது. மெஷின் நின்றுவிட்டது. திறந்து பார்த்தேன். அதை இயக்கும் சிப்பில் இருந்த புரோகிராம் அழிந்து போயிருந்தது. நல்லவேளை, போன முறை பழுது பார்த்தபோது எடுத்து வைத்த நகல் என் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைச் சிப்பில் மறுபடி எழுத வேண்டியதுதான் பாக்கி.

மாமாவுக்குச் சின்ன சிலிண்டரை மாட்டிவிட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன மாப்பிள்ளை, வாஷிங் மெஷினுக்குப் பண்ற வைத்தியந்தான் எனக்குமா?” என்று மூச்சு வாங்கச் சிரித்தார் அவர்.

“இதோ, அஞ்சே நிமிஷம் மாமா.”

சிப்பில் எழுதுவதற்கென்றே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு உண்டு. அதில் சிப்பைச் செருகி, கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்தேன்.

‘போர்டு கிடைக்கவில்லை’ என்றது திரை.

கேபிளை மாற்றினேன். கிடைக்கவில்லை. டிரைவர் சாஃப்ட்வேரை நீக்கி மறுபடி போட்டேன். மனைவியின் லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். அதிலும் இல்லை. போர்டின் நடுவில் கிரிஸ்டல் என்று வெள்ளி நிறத்தில் ஒரு பாகம் இருக்கும். அது துடித்தால்தான் போர்டுக்கு உயிர். அது துடிக்கவில்லை. மறுபடி சால்டர் வைத்தேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ம்ஹூம்.

சிலிண்டர்காரருக்குப் போன் செய்தேன்.

“இடுப்பளவு தண்ணி நிக்குது சார். வண்டி வராது. காலையிலதான்.”

ஆம்புலன்ஸிலும் அதே பதில்.

“என்னங்க... சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு!” மனைவியின் குரல் உடைந்தது.

போர்டை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

டிடிங்...

கம்ப்யூட்டர்தான். ‘போர்டு இணைந்தது.’

பாய்ந்துபோய் எழுதும் பட்டனைத் தட்டினேன். பத்து சதவீதம்... இருபது... அப்போதுதான் போர்டைக் கவனித்தேன். நான்கு மூலைகளும் ரப்பர் காலில் நின்றன. நடுப்பகுதி மட்டும் கீழே வளைந்திருந்தது. யாரோ கட்டைவிரல் வைத்து அழுத்துவது போல...

அறையில் நான் மட்டும்தான்.

நாற்பத்தைந்து...

டுடூம். வளைவு நிமிர்ந்தது. ‘போர்டு கிடைக்கவில்லை.’

அதே இடத்தில் என் விரலை வைத்து அழுத்தினேன். ஒன்றுமில்லை. விரலை எடுத்தேன்.

டிடிங்.

மறுபடி வளைந்தது. ஓடிவிடச் சொன்னது கால். ஓடினால் மாமா? முதலிலிருந்து எழுத மறுபடி பட்டனைத் தட்டினேன்.

எழுபது... எண்பது...

டுடூம்.

வெறும் மேசையைப் பார்த்துக் கெஞ்சினேன்.

“யாரா இருந்தாலும் சரி... இன்னும் ஒரே ஒரு தடவ. கைய எடுத்துடாதீங்க...”

டிடிங்.

அறுபது...

எண்பது...

தொண்ணூற்றாறு...

போர்டு மெல்ல நிமிர்ந்தது. அவசரமே இல்லாமல்.

டுடூம்.

“அப்பா!” அடுத்த அறையில் மனைவி அலறினாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு வெறிச்சென்று ஆனது. அதன் பிறகு ஒருநாள் அந்தப் போர்டை விற்ற கடைக்காரரிடமே கொண்டுபோனேன். அவர் கிரிஸ்டலைக் கழற்றிச் சோதித்தார்.

“உள்ள சுக்குநூறா உடைஞ்சிருக்கு. இத வச்சு ஒரு நொடிகூட ஓடியிருக்காதே!”

அன்று மாலைதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா கடைசியா ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருந்தாரு. ‘அழுத்திப் பிடி... விட்றாதே’ன்னு. என் கையத்தான் சொல்றாருன்னு நெனச்சு, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“உங்க பட்டறைப் பக்கச் சுவரையே பாத்தாரு. ‘அவ விட்டுட்டா’ன்னாரு. அவ்வளவுதான்... மூச்சு நின்னுடுச்சு.”

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

“நான் விடவே இல்லீங்க.”