மரக்காலுக்குப் போட்ட மெழுகு

பளபளவென்று மின்னுவதெல்லாம் நீடித்து உழைக்கும் என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. அப்போது நன்னிலம் பக்கம் ஒரு கிராமத்தில் வாத்தியார் வேலை. மிச்ச நேரத்தில் மரத்தைக் குடைந்து உப்புக் கிண்ணமும் அகப்பையும் செய்துகொண்டிருந்தேன். பெரிய சிற்பி என்று நினைப்பு.

அந்த வருஷம் கூலி நெல் அளப்பதில் தகராறு. மிராசுதார் வீட்டு மரக்காலைக் கூலியாட்களின் சங்கம் நம்பவில்லை. சங்கத்து மரக்காலை மிராசுதார் நம்பவில்லை. உழுபவனுக்கே நிலம் என்று மேடைக்கு மேடை முழங்கிய அரசாங்கத்துக்கு, ஒரு மரக்காலைத் தர நேரமில்லை. கடைசியில் என்னைப் பிடித்தார்கள். நிலமும் இல்லாதவன், கூலிக்கும் போகாதவன் என்பதுதான் என் தகுதி.

பலாமரத்தில் குடைந்தேன். இரு தரப்பும் அளந்து பார்த்துத் தலையாட்டினார்கள். பூச்சுதான் பாக்கி. ஊர் ஆசாரி, "தேன்மெழுகை எண்ணெயில உருக்கி மெல்லிசாத் தேய்ங்க சார், உடனே துணியால துடைச்சுடுங்க" என்றார். துடைப்பதற்கா தேய்ப்பார்கள்? ஒரு டஜன் மெழுகுவர்த்தியை உருக்கி, உள்ளேயும் வெளியேயும் தாராளமாக ஊற்றினேன். கண்ணாடி தோற்றது.

குறுவை அறுவடை, களத்தில் உச்சி வெயில். பத்துப் பேருக்கு அளந்ததும், சங்கத்துக்காகப் பேசும் அக்கா மரக்காலுக்குள் கையை விட்டார்.

"வாத்தியாரே, இங்க வாங்க. அடியில நெல்லு ஒட்டிக்கிட்டு நிக்குது."

"அது பாலிஷுங்க."

"யாருக்குப் பாலிஷு? பண்ணைக்கா?"

மிராசுதாரின் காரியஸ்தர், "நாங்க ஒண்ணும் சொல்லலீங்க" என்று இரண்டடி பின்வாங்கினார்.

என் மூளை அன்றைக்குத்தான் சுறுசுறுப்பாக வேலை செய்தது. கொடி, ஊர்வலம், என் உருவ பொம்மை, அதற்குக் கட்டப்போகும் கிழிந்த வேட்டி வரைக்கும் தெரிந்தது. பட்டுக்கோட்டைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று யோசித்தேன். பட்டுக்கோட்டையில் எனக்கு ஒரு ஈ, எறும்பைக்கூடத் தெரியாது.

"கால் ஏன் ஆடுது?" என்றார் அக்கா.

"வெயிலுங்க."

"மெழுகும் அதையேதான் சொல்லுது."

கருக்கரிவாளை என் கையில் கொடுத்தார். எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சுரண்டினேன். நகக் கனத்துக்கு மெழுகு, அதில் பதிந்த நெல். பிறகு பத்துப் பேருக்கும் முதலிலிருந்து அளந்தார்கள். ஒவ்வொருவர் பங்கிலும் இரண்டு கைப்பிடி குறைந்திருந்தது. காரியஸ்தர் குறைந்த நெல்லையும் அள்ளிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.